ஐந்தாவது பெயர்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது பழைய ஞாபகங்கள்தான். சைக்கிள் டயர் உருட்டியது, தேன்மிட்டாய் தின்றது, ஆன்டெனாவைத் திருப்பியது, கேசட்டில் பென்சிலை விட்டுச் சுற்றியது. எவன் எழுதினாலும் அதே நாலு சாமான். டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கம் மூட்டைப்பூச்சி பிடுங்கியதையும், ஒதுங்க இடமில்லாமல் படம் முடியும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் ஒருத்தரும் எழுதமாட்டார்கள். எழுதுவதெல்லாம் ஆம்பிளைகள் என்பதால் இருக்கும். எனக்கு ஐம்பது வயதாகிறது. சிதம்பரத்தில் தாலுகா ஆபீஸில் உதவியாளர். இந்த மாதிரிச் செய்தி வந்தால் படிக்காமலே கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் தப்பித்திருப்பேன். அனுப்பியவள் என் மகள் இசைவாணி. சென்னையில் வேலை பார்க்கிறாள். "அம்மா, செம்ம காமெடி. உங்க குறிஞ்சிப்பாடி கதை. படிச்சே ஆகணும்" என்று மேலே எழுதியிருந்தாள். குறிஞ்சிப்பாடி நான் பிறந்து வளர்ந்த ஊர். ஊர்ப் பெயரைப் பார்த்ததால் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது.

சுப்பராயலு என்று ஒருவர். கடலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் முகநூலில் பழைய சினிமா, பழைய ரேடியோ என்று எதையாவது எழுதுவாராம். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள். அன்றைக்கு அவர் எழுதியிருந்தது இது:

"தொண்ணூற்றியோராம் வருடம், குறிஞ்சிப்பாடியில் இருந்தோம், எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேயர் விருப்பத்தில் என் பெயர் வந்தது. கூடவே ஒரு பெண்ணின் பெயரும் வந்தது. அதற்கடுத்து ஒரு காதல் பாட்டும் வந்தது. நான் கார்டே போடவில்லை. யார் போட்டதென்று இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து இடது கன்னத்தில் ஒன்று விட்டார். அப்போது காதில் கேட்க ஆரம்பித்த இரைச்சல், ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் வருமே அந்த இரைச்சல், இன்னும் நிற்கவில்லை. பிறகு ரயில்வேயில் எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணினேன். மெடிக்கலில் காதைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு வகையில் நல்லதுதான். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வீட்டில் திட்டுவது ஒன்றும் கேட்காது."

கீழே நானூறு பேர் சிரித்திருந்தார்கள். நான் ஆபீஸில் இருந்தேன். எதிரில் ஒரு பெரியவர் பட்டா மாறுதல் மனுவை நீட்டிக்கொண்டு நின்றார். அதை வாங்காமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்தக் கார்டை எழுதியது நான்.

அந்தக் காலத்தில் பாட்டைவிடப் பெயர்தான் முக்கியம். நம் பெயரை ரேடியோவில் ஒருவர் வாசித்துவிட்டால் ஒரு வாரம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஐந்து பெயருக்குக் குறைந்தால் கார்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. யார் கிளப்பிவிட்டதோ, நாங்கள் அரசாங்க உத்தரவு மாதிரி நம்பினோம். இரண்டு பெயர், மூன்று பெயர் போட்டு நான் அனுப்பிய எட்டுக் கார்டும் போன இடம் தெரியவில்லை. ஒன்பதாவது கார்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து எழுதினேன். என் அண்ணன் ராஜவேல், தோழி செல்லாயி, அவள் தங்கை வினோதினி, நான். நாலு பேர்தான் தேறினோம். அப்பா பெயரைப் போடத் துணிச்சல் இல்லை. அம்மா பெயரைப் போட்டால் சினிமாப் பாட்டுக் கொடுக்காமல் பக்திப் பாடல் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். பக்கத்து மிஷினில் யாரோ ஒரு பையன் அடித்துவிட்டுப் போட்டுப்போன தாள் கிடந்தது. மேலே சுப்பராயலு என்று பெயர். எடுத்து ஐந்தாவதாக எழுதிவிட்டேன். அந்தப் பையன் உயரமா குட்டையா என்று கேட்டிருந்தால்கூடச் சொல்லத் தெரிந்திருக்காது.

என் பெயருக்கு அடுத்து அவன் பெயர் வருகிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறிவிப்பாளர் முதல் மூன்று பெயரையும் வாசித்து மூச்சு விட்டுவிட்டு, "தில்லையம்மாள், சுப்பராயலு" என்று சேர்த்துச் சொன்னார். அந்த ஊரில் பதினேழு வயதில் தில்லையம்மாள் என்று நான் ஒருத்திதான். அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயா எழுதின?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. சந்தேகம் வராமலிருக்க மற்றவர்கள் பெயரையும் சேர்த்துக் கார்டைப் போட்டவன் அந்தப் பையன்தான் என்று முடிவாகிவிட்டது. அந்தப் பெயரில் ஒருவன் என்னோடு டைப்ரைட்டிங் படிக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு, மறுநாள் அண்ணன் இன்ஸ்டிட்யூட் வாசலில் போய் நின்றான். பையன் அதற்குப் பிறகு டைப்ரைட்டிங் வரவில்லை. நான் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணி அந்த டைப்பிங்கை வைத்தே அரசு வேலைக்கு வந்துவிட்டேன்.

முப்பத்துமூன்று வருடம் நான் இதை மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு அறையோடு முடிந்துபோன விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். காது போனது தெரியாது. ரயில்வே தெரியாது.

புதன்கிழமை காலை அண்ணன் குழுவில் வந்தான். "இது யாருன்னு தெரியுதா? நம்ம தில்லைக்கு கார்டு போட்டவன். அந்தக் கை இந்தக் கைதான்" என்று தன் வலது கையைப் படம் பிடித்து வேறு போட்டிருந்தான். அறுபது வயதில் பேரன் எடுத்தவன் செய்கிற வேலை. மருமகன்களும் சித்தப்பா பிள்ளைகளும் கைதட்டினார்கள். இசைவாணி உடனே போன் பண்ணினாள்.

"அம்மா, அந்தப் பொண்ணு நீயா? எங்கிட்ட சொல்லவே இல்ல பாத்தியா."

"வேலையா இருக்கேன்டி. அப்பறம் பேசறேன்."

"ஒண்ணே ஒண்ணு. அவருதான் எழுதுனாரா? அவரு இல்லங்கறாரே."

"எனக்கென்னடி தெரியும்" என்று வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்ன அதே பதில். இத்தனை வருடம் கழித்தும் தயாராக வாயில் இருந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது என் கணவர் ஞானசேகரன் கேட்டார். அவர் மின்வாரியத்தில் இருக்கிறார், அடுத்த வருடம் ஓய்வு. அதிகம் பேசாத மனிதர். ஒரு கேள்வி கேட்டால் அதை இரண்டு நாள் யோசித்துத்தான் கேட்டிருப்பார்.

"கார்டு நீ போடலல்ல?"

"நான் எதுக்குப் போடறேன்?"

"சும்மா கேட்டேன்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு அதற்குப் பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். வியாழக்கிழமை ஆபீஸில் ஒரே கடிதத்தில் இரண்டு இடத்தில் தேதியைத் தப்பாக அடித்து மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவைத் திறந்து கமென்ட் எத்தனை ஆகியிருக்கிறது என்று பார்த்தேன். எல்லோரும் துப்பறிந்துகொண்டிருந்தார்கள். "அந்தப் பெண்தான் எழுதியிருக்கும், லவ்வு" என்று ஒரு கூட்டம். "சார் நீங்களே எழுதிவிட்டு நடிக்காதீங்க" என்று ஒரு கூட்டம். இதயம் போடுகிறவர்கள் தனி. பழைய ஞாபகம் என்றால் ஜனங்களுக்கு அதில் ஒரு காதல் இருந்தே ஆகவேண்டும். காதல் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை வெறும் தன் பெயரைக் கேட்க ஆசைப்பட்டாள் என்றால் நம்பமாட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் குழுவை விட்டு வெளியே போய் அந்தப் பதிவின் கீழேயே எழுதிவிட்டான். "தம்பி, அடிச்சது நான்தான். தப்பா எடுத்துக்காத. ஆனா கார்டு போட்டது நீதான்னு எங்க குடும்பத்துக்கே தெரியும். இந்த வயசுல நல்லவன் வேஷம் எதுக்கு?" அவ்வளவுதான், துப்பறிகிற கூட்டமெல்லாம் அவன் பக்கம் வந்துவிட்டது. பொய்யர், விளம்பரப் பிரியர் என்று ஆளாளுக்குச் சுப்பராயலுவைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் பதில் எழுதியிருந்தார். "ஐயா, நான் எழுதவில்லை. அன்றைக்கும் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்." அவ்வளவுதான். எப்போதும் கடைசியில் போடும் சிரிப்புப் படம் இல்லை.

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். அந்த வயதில் பயந்தேன், சரி. இப்போது யாருக்குப் பயப்படுகிறேன் என்று என்னையே கேட்டேன். பதில் இருந்தது. அண்ணனுக்கு, கணவனுக்கு, மகளுக்கு, எல்லோருக்கும்தான். ஆனால் அந்த ஆள் இன்னொரு முறை என்னால் அடிவாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சனிக்கிழமை ஆபீஸ் லீவு. கடலூரில் செல்லாயியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதுவும் பொய்தான். ஒரு உண்மையைச் சொல்லப் போவதற்கு எத்தனை பொய் வேண்டியிருக்கிறது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் முதலில் வந்த வண்டியில் ஏறி, சரியில்லை என்று இறங்கி, அடுத்த வண்டியில் ஏறினேன். அதிலும் ஜன்னலோரம் வெயில் என்று மூன்று இடம் மாறினேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். டிரைவர் பழைய பாட்டாகப் போட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் எனக்கு மனப்பாடமான பாட்டு. முன்சீட்டில் ஒரு அம்மா வாயசைத்துக்கொண்டே வந்தாள். எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தச் சொல்லலாமா என்றிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாம் என்று பையை எடுத்துத் தோளில்கூட மாட்டிவிட்டேன். வண்டி நிற்காமல் போய்விட்டது.

அவர் கடை மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. முகவரி அவர் பக்கத்திலேயே இருந்ததால் விசாரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு. உள்ளே இரண்டு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், மேலே சின்ன மின்விசிறி. ஒல்லியான மனிதர். நரைத்த தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. அந்த முகத்தை நான் முதல்தடவையாகப் பார்க்கிறேன் என்பதுதான் உண்மை.

வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் தலையைத் தூக்கி "என்னம்மா வேணும்?" என்று கேட்டதும் எல்லாம் போய்விட்டது. பையைத் துழாவி ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன்.

"எத்தன காப்பி?"

"ஒண்ணு போதுங்க."

"முன்ன பின்ன ரெண்டுமா?"

"ஆமாங்க."

கார்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியைச் சாத்தினார். பொத்தானை அமுக்கப் போன விரல் நின்றது. மூடியைத் திறந்து கார்டைத் திருப்பிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குறிஞ்சிப்பாடியா?"

"ஆமாங்க."

"உங்க அண்ணன் அனுப்பிச்சாரா?"

"இல்லங்க. அவனுக்குத் தெரியாது. நானாத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, நிறுத்தினால் போய்விடும் என்ற பயத்தில், "அந்தக் கார்ட எழுதுனது நான்தான்" என்று ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இந்தப் பக்கமா வந்து சொல்லுங்கம்மா. அந்தக் காது ஆவாது" என்றார்.

நான் நின்றிருந்தது அவருடைய இடது பக்கம். மேஜையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். நாலடி தூரம்தான். முதல்முறை சொன்னபோது வராத அழுகை இரண்டாம் முறை சொல்லும்போது வந்துவிட்டது.

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை. யாரோ ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தால் சிரிப்பார்களே, அப்படி.

"தெரியுங்க. உக்காருங்க மொதல்ல" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்தார்.

"எப்படித் தெரியும்?"

"நான் எழுதல. எங்கூட்டாளிங்க எவனுக்கும் உங்க பேரே தெரியாது. அப்ப மிச்சம் யாரு? அடி வாங்கிட்டு வூட்டுக்குப் போறதுக்குள்ள புரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏங்க யாருன்னு தெரியாதுன்னு போட்டீங்க?"

"நீங்க புருஷன், புள்ளைங்கன்னு இருப்பீங்க. உங்கள எதுக்கு இழுக்கணும்? உங்க அண்ணன்கிட்டயும் அன்னைக்கு நான் சொல்லல. உன் தங்கச்சியக் கேளுய்யான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்பாரு. மனசு வரல. நம்மள நெனச்சு ஒரு பொண்ணு கார்டு போட்டிருக்கு, அதப் போயி எப்படிக் காட்டிக் குடுக்கறதுன்னு." சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார். ஐம்பத்திரண்டு வயது ஆள்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அத்தனை வருடம் அடக்கிவைத்ததை எடுக்க ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தத் தெரியவில்லை. இவருக்கு இனி ஒரு சொட்டுப் பொய்கூட மிச்சம் வைக்கக்கூடாது என்று ஒரு வெறி.

"இல்லங்க, அது அப்படி இல்ல. அஞ்சு பேரு இருந்தாத்தான் வாசிப்பாங்கன்னு எங்க தெருவுல சொல்லுவாங்க. எனக்கு நாலுதான் இருந்துச்சு. பக்கத்து மிஷின்ல உங்க பேப்பர் கெடந்துச்சு. அதப் பாத்து எழுதிட்டேன். நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

"அஞ்சு பேரா?"

"ஆமாங்க."

"வேற எவன் பேப்பர் கெடந்திருந்தாலும்?"

"ஆமாங்க" என்றேன். அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

ஒரு பெண் சாதிச் சான்றிதழோடு வந்தாள். அவர் எழுந்துபோய் நகல் எடுத்தார். பின்பக்கத்தை இரண்டு தடவை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு மறுபடி முன்பக்கம் எடுத்துக் கொடுத்தார். அவள் போனபிறகும் மிஷின் பக்கமே திரும்பி நின்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு செய்வீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க. எது வேணும்னாலும் செய்யறேன்."

"கார்டு நீங்கதான் எழுதுனீங்கன்னு போடறதா இருந்தா போடுங்க. போடலன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, நாலு நாள் திட்டிட்டு வுட்டுருவாங்க. ஆனா இந்த அஞ்சு பேரு கதைய மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. வூட்லயும்தான்."

நான் புரியாமல் பார்த்தேன்.

"ரயில்வேயில வெளிய அனுப்புனப்ப நான் ரெண்டு நாள் சாப்புடல. எங்கம்மா அழுவுது. வயக்காட்டுப் பக்கம் போயி உக்காந்துகிட்டு என்னென்னமோ யோசிச்சேன். அப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டதுதான். சரி, வேல போச்சு, காது போச்சு, ஒரு பொண்ணுக்கு நம்மளப் புடிச்சிருந்துச்சுல்லன்னு. அத வச்சுத்தான் எழுந்து வந்தேன். எம் பொண்டாட்டிக்கும் தெரியும். சண்ட வந்தா, அந்தக் கார்டு போட்டவளயே கட்டியிருக்க வேண்டியதுதானேன்னு கேக்கும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சும்மா காலி எடத்துல போட்ட பேருன்னா எனக்கு என்னங்க இருக்கு? அது மட்டும் அப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? "சத்தியமா சொல்லமாட்டேங்க" என்று இன்னொரு முறையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஆதார் கார்டை மறுபடி மிஷினில் வைத்து முன்னும் பின்னும் எடுத்து, நகலோடு சேர்த்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சிதம்பரம் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்தேன். 'கார்டு எழுதியது நான்தான்' என்று அடித்தேன். பத்தாது. ஏன் எழுதினாய் என்று அண்ணன் கேட்பான், ஊரே கேட்கும். அதற்கு உண்மையைச் சொல்லக்கூடாது. உண்மை இல்லையென்றால் சொல்வதற்கு இருப்பது ஒன்றே ஒன்றுதான். அடித்து அழித்து, அடித்து அழித்து முதுநகர் வரைக்கும் வந்துவிட்டேன். எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக விழுந்தது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடித்து ஹையர் பாஸ் பண்ணியவள் நான்.

கடைசியில் இப்படிப் போட்டேன். "அந்தக் கார்டை எழுதியது இவர் இல்லை, நான். அப்பாவுக்குப் பயந்து அன்றைக்குச் சொல்லவில்லை. அப்போது எனக்கு இவரைப் பிடித்திருந்தது. இவரை அடித்தது தப்பு. இவர் கேட்கவேண்டிய மன்னிப்பு எதுவும் இல்லை, நாங்கள்தான் கேட்கவேண்டும். தில்லையம்மாள், சிதம்பரம்."

காரைக்காடு வருவதற்குள் இதயங்கள் வந்து விழ ஆரம்பித்தன. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கண்ணீர் வந்துவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை அவரைப் பொய்யர் என்று எழுதிய ஒரு ஆள், "இதுதான் சார் அந்தக் காலத்துக் காதல்" என்று நாலு வரி எழுதியிருந்தான். அண்ணன் ஐந்து முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. இசைவாணி "அம்மாஆஆ" என்று போட்டு இருபது கேள்விக்குறி வைத்திருந்தாள். சுப்பராயலு ஒன்றும் எழுதவில்லை. என் கமென்டுக்கு ஒரு லைக் மட்டும் போட்டிருந்தார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் என் கணவர் கூப்பிட்டார். இதை எடுக்காமல் இருக்க முடியாது.

"எங்க இருக்க?"

"பஸ்ல. புதுச்சத்திரம் தாண்டிட்டேன்."

"வாணி அனுப்பிச்சா. படிச்சேன்."

"ம்."

"அன்னைக்கு கேட்டப்ப இல்லன்ன."

"பயமா இருந்துச்சுங்க."

அந்தப் பக்கம் டிவியில் ஏதோ படம் ஓடும் சத்தம் கேட்டது.

"எழுதுனது சரி. சின்ன வயசு. புடிச்சிருந்துச்சுன்னு போட்டிருக்கியே, அது நெசமா?"

இவரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. நாலே வார்த்தை. சொன்னால் மனிதர் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடுவார். ஆனால் அந்த நிம்மதியில் அண்ணனுக்குப் போன் போட்டு, "மச்சான், அதெல்லாம் ஒண்ணும் இல்லயாம், சும்மா பேரு கொறஞ்சுதுன்னு போட்டுதாம்" என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அண்ணன் ஒரு மணி நேரத்தில் அதைக் கடலூர்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். என் ஆட்களை எனக்குத் தெரியும்.

"ஆமாங்க" என்றேன்.

டிவி சத்தம் நின்றது. அவர் எழுந்துபோய் அணைத்திருக்க வேண்டும். வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்று, இரண்டு பேர் இறங்கி, மறுபடி கிளம்பும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை. நானும் காதிலேயே வைத்திருந்தேன்.

"சரி, பாத்து வா" என்றார்.